நெஞ்சு வலி வரும் முன்பே: ரத்தம் கொடுக்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருடங்களாக வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பதும், ரிசல்ட் வந்ததும் சீட்டைக் கையில் கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் சீட்டை வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது என்னைத்தான். தக்காளி மண்டியில் கூடை தூக்குபவர், ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பி, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் மேஸ்திரி என்று யார் வந்தாலும், இதயம் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் இத்தனை வருடங்களில் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெளிந்தவை. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசித்தான்.

1. "எனக்கு நெஞ்சு வலியே இல்லை. நான் எதுக்குக்கா டெஸ்ட் எடுக்கணும்?"

வலி இல்லாதபோது பார்ப்பதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிவது இளம் வயதிலேயே தொடங்கிவிடலாம். அது பல வருடங்கள் சத்தமில்லாமல் வளரும். பி.பி. 170 இருந்தாலும் நிறையப் பேருக்குத் தலைவலிகூட இருக்காது. கொழுப்பு கூடினால் உடம்பில் எதுவுமே தெரியாது. பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான்.

1948-இல் அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். வயதானால் பி.பி. ஏறத்தான் செய்யும், அதில் கெடுதல் இல்லை என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. பி.பி., கொழுப்பு, புகை இவற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு அந்த ஆய்வில்தான் துலங்கியது. பிறகு 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. பெரும்பாலும் அளக்கக்கூடிய, மாற்றக்கூடிய காரணங்கள். நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயது வாக்கில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்கு 59 வாக்கில். நமக்கு ஆறு வருடம் முந்தி வருகிறது.

2. "யார் யார் கண்டிப்பா பார்க்கணும்?"

30 வயதைத் தாண்டிய எல்லோரும் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அரசுப் பரிசோதனையும் 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது.

30 வரை காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்தவர்கள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்னால் வந்தவர்கள், பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை அல்லது சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், வயிறு பெருத்தவர்கள். பெண்களுக்கென்று தனியாகச் சில காரணங்கள் உண்டு. அவை 12-ஆம் கேள்வியில்.

3. "என்னென்ன டெஸ்ட்? பெரிய லிஸ்ட்டா இருக்குமோ?"

இருக்காது. முதலில் பி.பி. அப்புறம் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யும். கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும். இவற்றோடு எடையும், இடுப்புச் சுற்றளவும். அவ்வளவுதான். இவற்றில் ஒன்றுகூட இதயத்தை நேராகப் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். இதயத்தைக் கெடுப்பவை எவை என்று பார்க்கின்றன. அதனால்தான் இவை முன்கூட்டியே சொல்கின்றன.

சர்க்கரைக்கு எல்லைகள் இவை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை சர்க்கரை நோயின் வாசல். 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5-லிருந்து நோய். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்வார்கள். ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி சரியாகக் காட்டாது. இரும்புச்சத்துக் குறைந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பக்கத்துப் பெண்களில் ரத்தசோகை நிறைய என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

4. "பி.பி. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டுது. எதை நம்புறது?"

அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து கையை நீட்டினால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. பேசினாலே சில புள்ளி ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் கூடுதலாகக் காட்டும்.

முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, எது கூடுதலோ அந்தக் கையில்தான் இனிமேல் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85. இந்த அளவிலோ இதற்கு மேலோ வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஒருநாள் அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பார்வை மங்கலோ இருந்தால் மட்டும் இன்னொரு நாள் பார்ப்போம் என்று விடக் கூடாது, உடனே மருத்துவமனை.

5. "வெறும் வயித்துல வரணுமா? காலைல மாத்திரை போடலாமா?"

சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ரத்தம் எடுக்கவும் எளிது. லிப்பிடுக்கு வெறும் வயிறு அவசியமில்லை என்றுதான் இப்போது பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அந்தச் சீட்டில் வரும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 400-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டிவரும். எப்படியும் சர்க்கரைக்குக் காலையில் வருகிறீர்கள், இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம்.

பி.பி. மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடுதான். முந்தின ராத்திரி மது குடித்திருந்தால் டிரைகிளிசரைடு எகிறிக் காட்டும். கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்தில், குழாயில் படியும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டலாம். இந்த இரண்டு சமயத்திலும் இரண்டு மூன்று வாரம் தள்ளி வாருங்கள்.

6. "மொத்தக் கொழுப்பு 190தான். 200-க்குள்ள இருந்தா நார்மல்னு சீட்டுலயே போட்டிருக்கே?"

அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போகிறவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். ஒரு சீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொத்தம் 190, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 110. மொத்தம் நார்மல்தான். ஆனால் காக்கும் கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-ம் பெண்களுக்கு 50-மாவது இருக்க வேண்டும், இங்கே 32. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும், இங்கே 240. எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல், எல்.டி.எல். பார்வைக்குச் சுமார். நம் நாட்டு மக்களிடம் அடிக்கடி காணும் கூட்டு இதுதான்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். மொத்தத்தில் எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். 190-இல் 32 போனால் 158. குழாயில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும் அதில் அடங்கும். வேறு குறை இல்லாதவருக்கு அது 130-க்குள் இருப்பது நல்லது. சர்க்கரை உள்ளவருக்கு 100-க்குள் வைக்கவே டாக்டர்கள் பார்ப்பார்கள். சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் மற்ற அபாயங்களைப் பொறுத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்கும் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். அவர் சீட்டில் 98 என்று வந்து, பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருந்தால், அவருக்கு அது நார்மல் இல்லை.

7. "நான் ஒல்லி. காலைலேர்ந்து தோட்டத்துல வேலை. எனக்கெல்லாம் வருமா?"

உடல் உழைப்பு பெரிய பாதுகாப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பீடியையும் ஹான்ஸையும் ஈடுகட்டாது. பரம்பரையையும் மாற்றாது. கை கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்தவர்கள் நம்மிடையே நிறைய. அந்த வயிற்றுக் கொழுப்புத்தான் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ஏற்றுகிறது. தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால், எடை எதைக் காட்டினாலும் 3-ஆம் பதிலில் சொன்னவற்றை எடுத்துவிடுங்கள்.

8. "ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல். அப்ப ஹார்ட் நல்லா இருக்குதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

என் சித்தப்பா லாரி ஓட்டுபவர். தொப்பூர் கணவாயில் 25 வருடமாக ஏறி இறங்கியவர். 52 வயதில் ஒரு முகாமில் ஈ.சி.ஜி. எடுத்தார், நார்மல். அந்தச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். அந்தச் சீட்டின் மூலையில் பேனாவால் பி.பி. 164/100 என்று எழுதியிருந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அவ்வளவு ஏன், இதே வேலையில் இருக்கும் நானே அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லதுதான் சித்தப்பா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து கிருஷ்ணகிரி பக்கம் வண்டியை ஓரம் கட்டும்போது மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஈ.சி.ஜி. என்பது அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்பதன் பதிவு. இப்போது மாரடைப்பு நடக்கிறதா, முன்பு நடந்த தழும்பு இருக்கிறதா, துடிப்பு சீராக இருக்கிறதா, இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்பதையெல்லாம் அது காட்டும். குழாயில் பாதி அடைத்திருந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது ஈ.சி.ஜி. நார்மலாகவே வரலாம். அது பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் இல்லாத பதிலைக் கேட்கிறோம். சித்தப்பாவின் அடுத்த பத்து வருடத்தைப் பற்றிப் பேசியது மூலையில் இருந்த 164/100தான்.

9. "அப்ப எக்கோ, டி.எம்.டி., சி.டி. எல்லாம் எடுத்துட்டா தெரிஞ்சிடுமா?"

எக்கோ இதயத்தின் தசை, வால்வு, பம்ப் செய்யும் திறன் ஆகியவற்றைப் பார்க்கும். குழாய் அடைப்பை நேராகக் காட்டாது. டி.எம்.டி. என்ற ஓட்டப் பரிசோதனை, நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவர்களுக்கு டாக்டர் எழுதுவது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர், குறிப்பாக நடுத்தர வயதுப் பெண், அதை எடுத்தால் இல்லாத கோளாறை இருப்பதாகக் காட்டி, தேவையில்லாத ஆஞ்சியோ வரை இழுத்துப் போகக்கூடும். இன்னொரு பக்கம், பல மாரடைப்புகள் பெரிய அடைப்பில் வருவதில்லை. குழாயைப் பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புக் கட்டி திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து நிமிடங்களில் மூடிவிடுகிறது. முந்தின வாரம் எடுத்த டி.எம்.டி.யில் அது தெரிந்திருக்காது.

சி.டி. கால்சியம் ஸ்கோர் கொஞ்சம் வேறு. குழாய்ச் சுவரில் சுண்ணாம்புபோல் படிந்ததை அது எண்ணிச் சொல்லும். மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரும் நீங்களும் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும்போது அது உதவும். பூஜ்யம் வந்தால் அடுத்த சில வருடங்களுக்கு அபாயம் குறைவு என்று பொருள், ஆனால் மென்மையான கொழுப்பை அது காட்டாது. அபாயம் மிகக் குறைவானவருக்கும் தேவையில்லை, எப்படியும் மாத்திரை போட வேண்டியவருக்கும் தேவையில்லை.

10. "80 டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜ் ஆஃபர்ல இருக்கு. எடுத்துக்கலாமா?"

நான் வேலை பார்க்கும் கூடத்திலும் பேக்கேஜ் உண்டு. இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். இதயத்துக்காக என்றால் 3-ஆம் பதிலில் உள்ளவை போதும், பட்டியல் நீளமாக இருப்பதால் பாதுகாப்புக் கூடாது. 80 அளவுகள் எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் இரண்டு மூன்று எல்லையை விட்டு வெளியே வரத்தான் செய்யும். அதன் பின்னால் அலைந்து காசும் தூக்கமும் போகும். அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு நல்ல பி.பி. மெஷின் வாங்கி வைக்கலாம், கையில் கட்டுகிற வகை, மேற்கைக்குப் போடுவது. மணிக்கட்டில் போடுவது வேண்டாம்.

11. "காசு இல்லாம எங்க பார்க்கலாம்?"

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். பி.பி., சர்க்கரை பார்ப்பதற்கும் அதற்கான மாத்திரைக்கும் அங்கே செலவு இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். வாசலில் அக்கா வந்து நின்றால், வேலை இருக்கிறது அப்புறம் வாங்க என்று திருப்பி அனுப்பாதீர்கள். வரும்முன் காப்போம் முகாம் உங்கள் வட்டாரத்தில் நடந்தால் ஒரு வேளைக் கூலியை விட்டுவிட்டாவது போங்கள்.

மேல்பரிசோதனை வேண்டுமென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருபவர்களுக்கு அது ஒரு நாள் பயணம் என்று தெரியும். அதனால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, அங்கே எழுதித் தரும் சீட்டோடு போனால் அலைச்சல் குறையும்.

12. "பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராதுன்னு சொல்றாங்களே?"

வரும். மாதவிடாய் நிற்கும் வரை அபாயம் ஆண்களைவிடக் குறைவு, நின்ற பிறகு வேகமாக ஏறுகிறது. கர்ப்பமாக இருந்தபோது பி.பி. ஏறியவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், முடக்குவாதம் என்ற மூட்டு நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் கர்ப்பகாலச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். டாக்டரிடம் போகும்போது, 15 வருடம் ஆகியிருந்தாலும், அதைச் சொல்லுங்கள்.

கணவருக்கும் மாமனாருக்கும் ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்து, ஓரமாக உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் நீங்களும் கொடுங்களேன் என்பேன். எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன் என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டுக் கொடுத்தவர்களில் 300-க்கு மேல் சர்க்கரை வந்தவர்களும் உண்டு.

13. "எங்கப்பா 46 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். எனக்கு 27. இப்பவே பார்க்கணுமா?"

இப்பவே பாருங்கள். கூடவே இரண்டு விஷயம். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது சாப்பாட்டால் மட்டும் வந்ததாக இருக்காது, பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். அப்படி உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு.

இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரம்பரையாக வரும் கொழுப்பு வகை. இது சாதாரண லிப்பிட் சீட்டில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுவதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதல். அதைக் குறைக்க நடைப்பயிற்சியோ பத்தியமோ உதவாது. ஆனால் அது கூடுதல் என்று தெரிந்தால் பி.பி., எல்.டி.எல்., புகை இவற்றில் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். அப்பாவின் வயதை நெருங்க நெருங்க வரும் பயத்தைப் பல பிள்ளைகளின் கண்ணில் பார்த்திருக்கிறேன். அப்பா காலத்தில் இல்லாத பரிசோதனையும் மருந்தும் உங்களுக்கு இருக்கின்றன.

14. "எனக்கும் என் மச்சானுக்கும் எல்.டி.எல். 130தான். அவருக்கு மாத்திரை, எனக்கு நடக்கச் சொல்லிட்டாங்க. ஏன்?"

டாக்டர் எல்.டி.எல்.-ஐ மட்டும் பார்ப்பதில்லை. வயது, ஆணா பெண்ணா, புகை, பி.பி., சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட அட்டவணை ஒன்றைத் தந்திருக்கிறது. உங்கள் மச்சான் 55 வயது, பீடி பிடிப்பவர், சர்க்கரையும் உண்டு. நீங்கள் 42, வேறு குறை இல்லை. எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் வேறு.

15. "மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே? பி.பி. நார்மல் ஆனதும் நான் விட்டுட்டேன்."

மாத்திரை போட்டதால்தான் நார்மல் ஆனது. மாத்திரை அடிமையாக்குவதில்லை, நோய் நீண்டநாள் நோய், அதனால் மருந்தும் நீண்டநாள். எடை குறைந்து, உப்புக் குறைந்து, நடை கூடினால் டாக்டரே அளவைக் குறைப்பதுண்டு. நாமாக நிறுத்தினால் பி.பி. சொல்லாமல் ஏறும். பக்கவாதத்தில் விழுந்தவர்களின் வீட்டார் சொல்லி நான் அடிக்கடி கேட்ட ஒரு வாக்கியம், "ரெண்டு மாசமாத்தான் மாத்திரையை விட்டிருந்தார்."

கொழுப்புக்கான ஸ்டாட்டின் பற்றிக் கல்லீரல் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. கல்லீரலுக்குப் பெரிய கெடுதல் வருவது மிக அரிது. சிலருக்கு உடம்பு வலி வரும், அதற்கு அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வழி உண்டு. சர்க்கரையை லேசாக ஏற்றலாம் என்பது உண்மை; ஆனால் அபாயம் உள்ளவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் நன்மை அதைவிடப் பெரியது. ஆஸ்பிரின் வேறு கதை. மாரடைப்போ பக்கவாதமோ வராதவர், பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று தினமும் அதைப் போடக் கூடாது. வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு வரலாம்.

16. "நாங்க களிதான் சாப்பிடுறோம். அப்புறம் எப்படிச் சர்க்கரையும் கொழுப்பும் வருது?"

கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துத்தான். தாத்தா இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு அந்தி வரை ஏர் பின்னால் நடந்தார். நாம் அதே இரண்டு உருண்டையைத் தின்றுவிட்டு டூவீலரில் போகிறோம். ஒரு உருண்டையும், அதற்குச் சமமாகக் கீரையும், கொள்ளோ அவரையோ போட்ட குழம்பும் என்றால் சரி.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம், ஒரு சின்ன ஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். எந்த எண்ணெய் என்று சண்டை போடுவதைவிட எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. போண்டா சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்ச வேண்டாம். மாம்பழக் காலம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டாட்டம்தான். சர்க்கரை உள்ளவர் சாப்பாட்டுக்கு மேல் ஒரு முழு மாம்பழம் சாப்பிடுவதைவிட, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரண்டு கீற்றுச் சாப்பிடலாம். ஜூலையில் வரும் ஹெச்பிஏ1சி சீட்டில் மாம்பழம் தெரிகிறது.

17. "கோவிட் ஊசி போட்டதாலதான் சின்ன வயசுல சாகுறாங்களாமே?"

இதை மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களிடம் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. தடுப்பூசியால் திடீர் மரணம் கூடவில்லை, குறைந்தே இருந்தது. குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, இறப்பதற்கு இரண்டு நாளுக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, அதே இரண்டு நாளுக்குள் கடுமையாக உடலை வருத்தியது போன்றவையே அபாயத்தோடு சேர்ந்து வந்தன.

18. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கணும்?"

எல்லாம் சரியாக இருந்தால் பி.பி., சர்க்கரை வருடம் ஒருமுறை, லிப்பிட் சில வருடங்களுக்கு ஒருமுறை. வாசலில் நிற்பவர்கள் எல்லாமே வருடம் ஒருமுறை. ஸ்டாட்டின் புதிதாகத் தொடங்கினால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் லிப்பிட் மறுபடி. சர்க்கரை நோயாளிக்கு ஹெச்பிஏ1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்னால் எடுத்தால் காசுதான் வீண்.

19. "நெஞ்சு எரியுது. கேஸா ஹார்ட்டான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

வீட்டில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. நடு நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மேல்வயிற்று எரிச்சலும், குமட்டலும், இனம்புரியாத களைப்பும் மட்டும் வரலாம். சோடா குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருப்பதில் இதயத் தசை போய்க்கொண்டே இருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், வழியில் துடிப்பு நின்றால் எதுவும் செய்ய முடியாது.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தர்மபுரிக்கோ சேலத்துக்கோ ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. இந்த நேரத்தில் மட்டும் ரத்தம் கொடுக்க எங்களிடம் வராதீர்கள்.

20. "பழைய சீட்டெல்லாம் எதுக்கு? தூக்கிப் போட்டுடலாமா?"

வைத்திருங்கள். மூன்று வருடத்துச் சர்க்கரை 94, 103, 112 என்று வரிசையாகத் தெரிந்தால், 126 ஆவதற்கு முன்பே ஏதாவது செய்யலாம். பழைய ஈ.சி.ஜி. இன்னும் முக்கியம். நெஞ்சு வலியோடு போகும்போது புதிய ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இப்போது வந்ததா முன்பே இருந்ததா என்று டாக்டர் பழையதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஈ.சி.ஜி. வருகிற வழவழப்பான தாள் வெயிலிலும் நாள்பட்டும் மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். சித்தப்பாவின் சீட்டில் இப்போது கோடு எதுவுமே தெரியவில்லை, மூலையில் பேனாவால் எழுதிய பி.பி. மட்டும் இருக்கிறது. அதனால் கையில் வாங்கிய அன்றைக்கே செல்போனில் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.